ராஜாவும் கிடையாது, கிஸ்தியும் கிடையாது

மடைப்பட்டி கிராம முன்சீப்பாக இருந்த சுருளியாண்டியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. யோக்கியதை உள்ளவர்களுக்கோ விஷயம் தெரியாது. அதனால் நானே எழுதுகிறேன். என் பெயர் ஞானசிகாமணி, ராயப்பன்பட்டிக்காரன். குச்சனூருக்குத் தெற்கே வாய்க்கால் ஓரத்தில் கிடக்கிற மடைப்பட்டியில் இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு அனா ஆவன்னா எழுதிக் கொடுத்துவிட்டு, போன வருஷம், நாற்பத்தேழில் ஓய்வுபெற்றேன். இனிமேல் என் வேலையை யாரும் பிடுங்க முடியாது. தைரியம் வருவதற்கு இதைவிட நல்ல வேளை ஏது? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அந்த ரகம் நான்.

சுருளியாண்டி பெரிய மனிதர் ஒன்றும் இல்லை. முன்சீப் வேலை அப்பன் வழியில் வந்தது. வாய்க்கால் கரையில் கொஞ்சம் வயல், மனைவி கஸ்தூரியம்மாள், ஜமாபந்திக்கு மட்டும் போட்டுக்கொள்கிற ஒரு கறுப்புக் கோட்டு. அந்தக் கோட்டில் எப்போதும் அந்துருண்டை வாடை அடிக்கும். எதையாவது யோசிக்கும்போது இடது காதுமடலைத் தேய்ப்பார். பொய் சொல்ல வராது. இதை நல்ல குணமாக நான் எழுதவில்லை. கிராம முன்சீப்புக்கு அது ஒரு ஊனம்.

எங்கள் இருவரையும் சேர்த்துவைத்தது சதுரங்கம். உத்தமபாளையத்து ஷேக் மைதீன் ராவுத்தர் பருத்தி பிடிக்க மடைப்பட்டிக்கு வருவார். ரங்கூனில் கற்றுக்கொண்ட ஆட்டத்தை, வண்டி பாரம் ஏறுகிற நேரத்தில் சாவடியில் உட்கார்ந்து எங்களுக்குக் காட்டிக் கொடுத்தார். எதிராளியின் ராஜாவுக்குக் குறி வைக்கும்போது, 'கிஸ்து' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். ராவுத்தர் வாயில் அது கிஸ்து. எங்கள் வாயில் ஒரே வாரத்தில் கிஸ்தி ஆகிவிட்டது. நிலவரிக்கும் அதுதானே பெயர், நாக்கு பழகின தடத்தில் போயிற்று. 'முன்சீப்புக்கே கிஸ்தியா' என்று ராவுத்தர் சிரித்துச் சிரித்துப் புரையேறுவார். முப்பதாம் வருஷம் அவர் திரும்பவும் ரங்கூனுக்குக் கப்பலேறினார். அதன்பிறகு அவரைப் பற்றித் தகவலே இல்லை.

அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேர்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடித்து, ராயப்பன்பட்டியிலிருந்து நடந்து வந்து, சாப்பிட்டுவிட்டுச் சாவடிக்குப் போவேன். சுருளியாண்டி தோற்றுக்கொண்டே இருப்பார். காய்களைக் காப்பாற்றுவதில் கெட்டிக்காரர், ஆனால் ராஜாவை மறந்துவிடுவார். ஒருநாள் பலகையைக் காட்டிச் சண்டைக்கு வந்தார்.

"பன்னெண்டு காயி குத்துக்கல்லு மாதிரி நிக்குது. ஒத்த ராஜா விழுந்தான்னு நான் தோத்தேங்கிறீக. நாளைக்கு நான் செத்தா மடைப்பட்டி செத்துப்போகுமா? வேற எவனாச்சும் முன்சீப்பா வருவான், அம்புட்டுத்தேன்."

"ஆட்டம்னா அப்படித்தான் முன்சீப்பு."

"அப்ப ஆட்டத்த மாத்திருவோம்."

சும்மா வாய்வார்த்தை என்றுதான் நினைத்தேன். இரண்டு மாதம் கழித்துக் கருவேலங்கட்டையில் செதுக்கின இருபத்துநாலு காய்களும், கோடு போட்ட ஒரு துப்பட்டியுமாக வந்து உட்கார்ந்தார். எட்டுக் கட்டம் அகலம், ஒன்பது கட்டம் நீளம். நட்ட நடு வரிசைதான் வாய்க்கால். அதில் உள்ள எட்டுக் கட்டமும் எட்டு மடை. ஆளுக்கு இரண்டு யானை, இரண்டு குதிரை, எட்டு ஆள். யானையும் குதிரையும் வெட்டலாம், ஓடலாம், ஆனால் மடைக்குக் காவல் நிற்க முடியாது. அது ஆளுடைய வேலை. ஐந்து மடையில் எவனுடைய ஆள் நிற்கிறதோ அவன் ஜெயித்தான். ராஜா, மந்திரி யாரும் கிடையாது. ராஜா இல்லையென்றால் கிஸ்தி சொல்வது எதற்கு?

"ஆறு நாளும் வீடு வீடாப் போயி கிஸ்தி கிஸ்தின்னு கத்துறேன். ஏழாம் நாளு இங்கனயும் அந்தச் சொல்லக் கேக்கணுமா?" என்றார்.

மடையாட்டம் என்று பெயர் வைத்தார். மடையர்கள் ஆடுகிற ஆட்டமா என்று ஊரில் கேலி செய்தார்கள், எங்களைத் தவிர வேறு யாரும் கற்றுக்கொள்ள வரவில்லை. எனக்கு முதலில் இளக்காரமாகத்தான் இருந்தது. ஆடிப் பார்த்தேன், அசந்துபோனேன். எளிதாகத் தெரியும், மூன்றாவது மடையைப் பிடிக்கும்போது முதல் மடை கைவிட்டுப் போய்விடும். சாண் ஏறினால் முழம் சறுக்கும். இந்த ஆட்டத்தில் நான்தான் தோற்றுக்கொண்டே இருந்தேன். ஆளுக்கு நாலு மடை என்று சரிசமமாக நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்கும் அவர் ஒரு விதி வைத்திருந்தார். ஒருநாள் மெனக்கெட்டுச் சொன்னார். நான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். 'அது வரும்போது பார்ப்போம்' என்றேன். வரவே இல்லை. அதற்கு முன்பே நான் தோற்றுவிடுவேன்.

முப்பத்திரண்டு மாசி மாதம். நெல் விலை அடிமட்டத்துக்குப் போய்விட்டது, சனங்களால் கிஸ்தி கட்ட முடியவில்லை. சுருளியாண்டியும் நெருக்கிக் கேட்கிற ஆள் இல்லை. மடைப்பட்டி வசூல் பாதியில் நின்றது. அதே சமயம் எங்கள் பள்ளத்தாக்கில் அங்கங்கே கொடி பிடித்துப் போனவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம். என் குதிரை பாய்ந்து அவருடைய யானைக்குக் குறி வைத்தது. பழைய பழக்கம், வாய் தவறி, "கிஸ்தி!" என்று கத்திவிட்டேன்.

சுருளியாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல ஆட்டத்தின் நடுவில் இப்படிச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

"எத்தன தடவ சொல்றது? இங்கன ராஜாவும் கிடையாது, கிஸ்தியும் கிடையாது. இனி எவனாச்சும் கிஸ்தி கேட்டா நாக்க அறுத்துப்புடுவேன்."

கொஞ்ச நேரத்தில் தலையாரி மொக்கைச்சாமி உள்ளே வந்தார். "ரெவின்யூ இன்ஸ்பெக்டரு வந்தாக. வாசல்லயே நின்னாக. நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டுத் திரும்பிப் போயிட்டாக" என்றார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துவிட்டு ஆட்டத்தை முடித்தோம். வழக்கம்போல நான்தான் தோற்றேன்.

பன்னிரண்டாம் நாள் தாசில்தாரே விசாரணைக்கு வருகிறார் என்று தாக்கீது வந்தது. கிராம முன்சீப்பே ராஜத் துரோகமாகப் பேசிக் கிஸ்தி வசூலைத் தடுக்கிறார் என்பது குற்றச்சாட்டு. விசாரணை நாளன்று காலையில் சுருளியாண்டி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். முகத்தில் கவலையே இல்லை.

"சாயங்காலம் சாவடிக்கு வாங்க வாத்தியாரே. எதுக்க உக்காந்து நாலு காய நகத்திக் காமிச்சாப் போதும், ஆட்டந்தேன்னு அவுகளுக்கே வெளங்கீரும்."

"வாரேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன், அதையும் எழுதிவிடுகிறேன். மத்தியானம் பள்ளிக்கூட மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். 'அரசியல் விவகாரத்தில் ஒரு வாத்தியார் பேர் அடிபட்டாலும் சர்டிபிகேட்டை ரத்து செய்வார்கள், ஜாக்கிரதை' என்று மட்டும் சொன்னார். எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்றவன் எவனும் உண்மை சொன்னதே இல்லையா என்ன?

சாவடியில் ஊரே கூடியிருந்தது. சுருளியாண்டி கோட்டுப் போட்டிருந்தார். தாசில்தார் முதலில் என்னைத்தான் கேட்டார்.

"சதுரங்கம் தெரியுமா உமக்கு?"

"தெரியும், சார்."

"அதில் ராஜா உண்டா?"

"உண்டு, சார்."

"கிஸ்தி?"

"உண்டு, சார்."

"ராஜாவும் கிஸ்தியும் இல்லாத சதுரங்கத்தை எங்கேயாவது பார்த்திருக்கிறீரா?"

"சதுரங்கத்தில் அப்படிக் கிடையாது, சார்."

பாருங்கள், அதுவரை நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. என்னைப் போன்ற கோழைகளுக்கு உண்மையே நன்றாக உதவும்.

சுருளியாண்டி அவசரமாகக் குறுக்கே வந்தார். "எசமான், இது சதுரங்கம் இல்லீங்க. மடையாட்டம். நாங்களா செஞ்சது. இப்பவே ஆடிக் காமிக்கிறோம்." துப்பட்டியை விரித்தார். தன் பக்கத்துக் காய்களை வைத்தார், என் பக்கத்துக் காய்களையும் அவரே வைத்தார். உட்கார்ந்து, எதிர்ப்பக்கத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.

"வாத்தியாரே, உக்காருங்க."

நான் நின்றேன்.

"உக்காருங்க வாத்தியாரே, எசமான் காத்துக்கிட்டு இருக்காக."

"எனக்கு இந்த ஆட்டம் தெரியாது" என்றேன்.

சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, காதுமடலைத் தேய்த்துக்கொண்டு என்னையே பார்த்தார். திரும்பவும் சொன்னேன். குமாஸ்தா அதை எழுதிக்கொண்டார். சுருளியாண்டி குனிந்து ஒரு காயை நகர்த்தினார். பிறகு எழுந்து சுற்றிவந்து, எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து, என் காயை நகர்த்தினார். மறுபடி எழுந்து தன் பக்கம் போனார். இப்படி நாலைந்து தடவை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"போதும்யா. ஒருத்தனே ரெண்டு பக்கமும் ஆடுறதுக்குப் பேரு ஆட்டமா?" என்று தாசில்தார் எழுந்துகொண்டார்.

அடுத்த மாதமே வேலை போய்விட்டது. பங்காளி வீட்டு ஆள் ஒருவன் முன்சீப் ஆனான். இரண்டு போகம் பொய்த்ததில் வயலும் கைமாறிப் போயிற்று. சுருளியாண்டி அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலைக்குப் போனார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடை மடையாகத் திறந்து மூடுகிற வேலை. முன்சீப்பு மடையன் ஆகிட்டாரு என்று ஊரில் ஒரு சொலவடையே கிளம்பியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தக் கோட்டைக் கஸ்தூரியம்மாள் சோளக்கொல்லைப் பொம்மைக்கு மாட்டிவிட்டாள்.

என்னை அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாய்க்கால் கரையில் எதிர்ப்பட்டால், "சாப்பாடாச்சா வாத்தியாரே?" என்பார். ஆச்சு என்பேன். மண்வெட்டியால் ஒரு போடு போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ராயப்பன்பட்டியிலேயே தங்கிவிடுவேன். சதுரங்கம் ஆட ஆள் கிடைத்தது, ஆடவும் செய்தேன். சப்பென்று இருந்தது.

முப்பத்தெட்டில் காற்று திசை மாறியது. காங்கிரஸ்காரர்கள் மந்திரிகளாக உட்கார்ந்திருந்தார்கள். கிஸ்தி விஷயத்தில் வேலை போன கிராம உத்தியோகஸ்தர்கள் மனுப் போட்டால் திரும்பக் கிடைக்கும் என்று பேச்சு அடிபட்டது. காங்கிரஸ் கமிட்டிக்காரர் அய்யாத்துரை ஒரு சாமந்தி மாலையோடு மடைப்பட்டிக்கு வந்தார். கதர்ச்சட்டை, கையில் தயாராக எழுதின மனு. 'தேசத்துக்காகக் கிஸ்தி வசூலிக்க மறுத்தேன்; ராஜாவும் கிடையாது, கிஸ்தியும் கிடையாது என்று சாவடியில் பகிரங்கமாக முழங்கினேன்' என்று அதில் இருந்தது. ஒரு சாட்சி வேண்டும் என்றார். கேட்டு முடிக்குமுன்பே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். செய்த பாவத்தை ஒரே கையெழுத்தில் கழுவிவிடலாம் என்று அப்படி ஒரு சந்தோஷம்.

சுருளியாண்டி வீட்டு முற்றத்தில் மாலையோடு உட்கார்ந்து மனுவை இரண்டு தடவை வாசித்தார்.

"இதுல ஆட்டம்னு எங்கனயுமே இல்லையே."

"எந்த ஆட்டம்ணே?" என்றார் அய்யாத்துரை.

சுருளியாண்டி என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, நீங்க சொல்லுங்க. அன்னைக்கு நான் சொன்னது எதப் பத்தி?"

"தேசத்தப் பத்தி" என்றேன். கண்ணைக் காட்டினேன், புரிந்துகொள்ளட்டும் என்று.

"கோடு போட்டு, காயி செதுக்கி, ரெண்டு வருசம் ஆடுனமே, அது?"

"அத விடுங்க முன்சீப்பு. வேல வருதுல்ல, அது போதும்."

"போன தடவ ஆட்டத்த அரசியல்னு சொல்லி வேலையப் பிடுங்குனாக. இந்தத் தடவ ஆட்டத்த அரசியல்னு சொல்லி வேலையக் குடுக்காக. ரெண்டுக்கும் சாட்சி ஒரே ஆளு." மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "வேல வரட்டும், வராமப் போகட்டும். 'அது ஆட்டந்தேன், நானும் கூட ஆடுனேன்'னு ஒத்த வரி எழுதிக் குடுங்க. தாலுகா கச்சேரிக்கு அனுப்ப வேணாம், யாருக்கும் காமிக்க மாட்டேன். எங்கிட்டயே இருக்கட்டும். நான் பொய் சொல்லலன்னு எனக்கு ஒரு காயிதம் வேணும்."

பேனா என் கையில்தான் இருந்தது. ஒரே ஒரு வரி. அந்த வரி, முப்பத்திரண்டில் தாசில்தார் முன்னால் நான் பொய் சொன்னேன் என்று என் கைப்பட எழுதின சாசனம் ஆகிவிடும். அதுதான் எனக்கு முதலில் தோன்றியது, வேறொன்றும் தோன்றவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அவர் மனுவில் கையெழுத்துப் போடவில்லை. கஸ்தூரியம்மாள் அடுப்படியிலிருந்து வெளியே வந்து புருஷனைப் பிடிபிடியென்று பிடித்தாள். "அரிசிப் பானையில அகப்பை தட்டுது. இவுக சத்தியத்த வச்சிருக்காகளாம் சத்தியம். அத என்ன, ஒலையில போட்டுப் பொங்கவா?" அய்யாத்துரை மாலையைத் திரும்ப வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று கொஞ்சம் தடுமாறிவிட்டு, விட்டுவிட்டுப் போனார்.

எங்கள் வேதக்காரச் சனங்கள் இராயப்பர் என்று சொல்வது, ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த பேதுருவைத்தான். என் ஊர்ப் பெயர் அவரை வைத்து வந்ததா, வேறு யாரையாவது வைத்து வந்ததா, எனக்குத் தெரியாது. எனக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது. ஆனால் அவர் மனங்கசந்து அழுதார். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு.

அந்த ஒரு வரியை அவர் மறுபடி கேட்கவே இல்லை. நானும் ஆறு வருஷம் யோசித்துக்கொண்டே இருந்தேன். நாற்பத்துநாலு புரட்டாசியில் மலைக்காய்ச்சல் ஊரை வாட்டியது. காய்ச்சல் கண்ட ஒன்பதாவது நாள் சுருளியாண்டி செத்துப்போனார். ஊரோடு சேர்ந்து நானும் போய் நின்றேன். கோடு போட்ட துப்பட்டியைத்தான் மேலே போர்த்தியிருந்தாள் கஸ்தூரியம்மாள். வேறு நல்ல துணி வீட்டில் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். மடியிலிருந்து என் மேசையில் கொட்டினாள். பன்னிரண்டு கறுப்புக் காய்கள்.

"இது உங்க பக்கத்துக் காயி. அவுக காய அவுககூட வச்சு எரிச்சாச்சு."

"எதுவும் சொன்னாகளா?"

"காச்ச மண்டைக்கு ஏறிக் கெடந்த ஆளு என்னத்தச் சொல்லுவாக. தண்ணி கேட்டாக."

இப்போது ஓய்வு. யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஒரு வரி என்ன, ஒரு நோட்டே எழுதலாம் என்று இந்தத் தை மாதம் உட்கார்ந்தேன். 'மடையாட்டம் என்று ஓர் ஆட்டம் உண்டு. அதை உண்டாக்கியவர் மடைப்பட்டி கிராம முன்சீப் சுருளியாண்டி. அவரோடு நானும் ஆடியிருக்கிறேன்.' எழுதிவிட்டு அழுதேன், அதுவரைக்கும் பரவாயில்லை. பிறகு விதிகளை வரிசையாக எழுதினேன். எவனாவது ஒருவன் என்றைக்காவது பார்த்து ஆடவேண்டுமே. கட்டம், காய், மடை, வெட்டு எல்லாம் வந்தது. ஆளுக்கு நாலு மடை நின்றுபோனால் என்ன என்கிற இடத்தில் பேனா நின்றது. நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வெற்றிலை மடித்தது ஞாபகம் இருக்கிறது, சுண்ணாம்பு விரலில் ஒட்டினது ஞாபகம் இருக்கிறது, அவர் சொன்னது ஞாபகம் இல்லை. அந்த விதி இல்லாமல் இருவர் உட்கார்ந்தால், பாதி ஆட்டத்தில் முழித்துக்கொண்டு எழுந்துபோவார்கள். எனக்கு இந்த ஆட்டம் தெரியாது என்று அன்று சொன்னேனே, அது மெய்யாகவே ஆகிவிட்டது.

கஸ்தூரியம்மாளுக்குத் தெரிந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் சாவடிக்குச் சோறு கொண்டுவந்து, பக்கத்தில் நின்று முழு ஆட்டமும் பார்ப்பாள், காயைத் தப்பாக நகர்த்தினால் 'ச்சு' என்பாள். நோட்டை எடுத்துக்கொண்டு மடைப்பட்டிக்குப் போனேன். கூலிக்குக் கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே கேட்டேன்.

"ஆத்தா, நாலுக்கு நாலு வந்து நின்னா யாருக்கு ஜெயம்? அவுக என்ன விதி வச்சிருந்தாக?"

செடியிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு கடலையை ஆய்ந்து போட்டாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குத்தேன் அந்த ஆட்டம் தெரியாதுன்னு அன்னைக்கே சர்க்காரு ஏட்டுல ஏத்தியாச்சே, வாத்தியாரய்யா. தெரியாத ஆட்டத்துக்கு எதுக்கு விதி?"